காதிரைச்சலுக்கு நான் சாப்பிட்ட மாத்திரைகள்: மூன்று வருட அனுபவம்

இதை எழுதும்போதும் என் இடது காதில் சத்தம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "எந்த மாத்திரை சாப்பிட்டீங்க, சத்தம் நின்னுதா?" என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். நிற்கவில்லை. மூன்று வருடத்தில் ஐந்து விதமான மாத்திரை சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன், ஒன்றுகூடச் சத்தத்தைக் குறைக்கவில்லை. ஆனால் அதில் ஒன்று எனக்குத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. இன்னொன்று முதல் மாதம் தெய்வம் மாதிரி இருந்துவிட்டு நாலாவது மாதம் என்னை ஆட்டி வைத்தது. மற்ற மூன்றும் பணத்தைத் தின்றதோடு சரி. எது எப்படி என்று யாராவது எனக்கு ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் ஒன்றரை வருட அவதி மிச்சமாகியிருக்கும். காதிரைச்சலோடு ராத்திரி ரெண்டு மணிக்கு உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருக்கும் ஒருத்தருக்காவது இது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை, தறிக்காரன். கீழே எழுதியிருக்கும் மில்லிகிராம் கணக்கெல்லாம் என் வயசு, என் ஈசிஜி, என் மற்ற வியாதிகளைப் பார்த்து எனக்கு எழுதிக் கொடுத்தது. தயவு செய்து அதை அப்படியே மெடிக்கலில் போய்க் கேட்காதீர்கள்.

கோயம்புத்தூர் மாவட்டம் சோமனூர் பக்கம் எங்கள் தறிக்குடோன். இருபத்து நாலு வருடம் நாடாத் தறி ஓட்டினேன், எட்டுத் தறி. குடோனுக்குள் நின்றிருக்கிறவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் இருக்கிற ஆளிடம் பேச வேண்டுமென்றால் காதில் வாயை வைத்துக் கத்த வேண்டும், இல்லையென்றால் உதட்டசைவைப் பார்த்தே புரிந்துகொள்ள வேண்டும். தொழிற்சாலையில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான் உச்சவரம்பு என்று விதி இருக்கிறது, எங்கள் குடோனில் போனில் வைத்து அளந்தபோது 98 காட்டியது. நாங்கள் பஞ்சு விற்கிற ஊர்க்காரர்கள், காதில் அடைத்ததும் பஞ்சுதான். காது அடைப்பான் என்று ஒன்று விற்கிறது என்பதே எனக்கு நாற்பது வயசுக்கு மேல்தான் தெரியும்.

கரண்ட் போனால் எங்கள் ஊரில் ஒரு அமைதி வரும். எல்லாக் குடோனும் ஒரே நேரத்தில் நிற்கும்போது காக்கா கத்துவதுகூடப் புதுசாகக் கேட்கும். அந்த அமைதிக்காகவே மின்வெட்டை விரும்பின ஆள் நான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாத ராத்திரி, ஷிஃப்டு நடுவில் கரண்ட் போனது, தறி நின்றது, சத்தம் மட்டும் நிற்கவில்லை. பழைய டியூப்லைட்டில் சோக் கெட்டுப்போனால் ஒரு இரைச்சல் வருமே, அதையே நாலு மடங்கு கூர்மையாக்கி இடது காதுக்குள் வைத்த மாதிரி. யார் வீட்டிலோ இன்வெர்ட்டர் ஓடுகிறது என்று நினைத்து வெளியே போய்ப் பார்த்தேன். தெருக்கோடி வரை போனேன். சத்தமும் கூடவே வந்தது.

காலையில் சரியாகிவிடும் என்றுதான் படுத்தேன். அந்த வாரம் மொத்தமே பத்து மணி நேரம் தூங்கியிருப்பேன். அம்மா நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிக் காதில் விட்டார், அதில் காதுக்குள் பூஞ்சை பிடித்து அரிப்பு வேறு சேர்ந்துகொண்டது, அதைச் சுத்தம் பண்ணவே ரெண்டு தடவை டாக்டரிடம் போனேன். காதில் எதையும் ஊற்றாதீர்கள். எங்கள் வீட்டில் இனி யாரும் ஊற்ற மாட்டோம்.

பரிசோதனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாத்திரைக்கு முன்னால் அது முடிந்திருக்க வேண்டும். சத்தம் ஒரு பக்கக் காதில் மட்டும் இருந்தால், அல்லது நாடித் துடிப்போடு சேர்ந்து 'டுக்டுக்' என்று அடித்தால், அல்லது திடீரென்று ஒரு காது கேட்காமல் போய்ச் சத்தம் வந்தால், வீட்டில் உட்கார்ந்து மாத்திரை தேடக்கூடாது. கடைசியாகச் சொன்னதற்கு ஸ்டீராய்டு கொடுப்பார்கள், அது முதல் சில நாட்களுக்குள் ஆரம்பித்தால்தான் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு அதிகம், நாள் தள்ளத் தள்ளக் கதவு மூடிக்கொண்டே போகும். எனக்கு இடது பக்கம்தான் அதிகம் என்பதால் எம்ஆர்ஐ எடுத்தார்கள், காது நரம்பில் கட்டி எதுவும் இல்லை. காது கேட்கும் அளவைக் கோடாகக் காட்டுகிற ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோடு பள்ளத்தில் விழுந்தது. அந்தப் பள்ளத்தைப் பார்த்த உடனே, அதை எடுத்த ஆடியாலஜிஸ்ட் "தறியிலீங்களா, பட்டாசிலீங்களா?" என்று கேட்டார். சத்தத்தில் கெட்ட காதுக்கு அதுதான் அடையாளமாம். உள்காதில் சுமார் 15,000 மயிரிழை அணுக்கள் இருக்கின்றன, மனுசனுக்கு அது செத்தால் மறுபடி முளைக்காது. அங்கிருந்து வர வேண்டிய சேதி வராததால் மூளை தன் வால்யூமைத் தானே ஏற்றிக்கொள்கிறது, அந்த ஏற்றத்தில் கேட்பதுதான் இந்த இரைச்சல் என்று விளக்கினார். கால் எடுத்தவருக்கு இல்லாத காலில் வலிக்கிற மாதிரி. எனக்கு இது ரொம்ப முக்கியமாகப் பட்டது, ஏனென்றால் அதுவரைக்கும் காதுக்குள் ஏதோ மாட்டிக்கொண்டிருக்கிறது, எடுத்தால் போய்விடும் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

சரி, மாத்திரைக்கு வருகிறேன்.

முதல் டாக்டர் எழுதினது பீட்டாஹிஸ்டின். 16 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூணு வேளை. காதில் சத்தம் என்று போய் நின்றால் நம் ஊரில் அநேகமாக எல்லோருக்கும் முதலில் வருவது இதுதான். நாலு மாதம் ஒரு வேளை விடாமல் சாப்பிட்டேன். வயிறு எரிந்தது, சத்தம் அப்படியே இருந்தது. பிற்பாடுதான் தெரிந்தது, அது தலைச்சுற்றலுக்கான மருந்து, மெனியர் நோய் என்று காதடைப்பும் சுற்றலும் சேர்ந்து வருமே அதற்குக் கொடுப்பது. வெறும் காதிரைச்சலுக்கு இதைக் கொடுக்காதீர்கள் என்று டாக்டர்களுக்கு வைத்திய வழிகாட்டி எழுதுகிற இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2020ல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறார்கள். உங்களுக்குத் தலைச்சுற்றலும் இருந்தால் அது வேறு கதை, டாக்டர் சொல்கிறபடி சாப்பிடுங்கள். சத்தம் மட்டும்தான் என்றால், "இது எனக்கு எதுக்குங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை. வெளியே அறுபது பேர் காத்திருக்கும்போது கேட்க வாய் வராது, அதுவும் எனக்குப் புரிகிறது.

ரெண்டாவது பி12 கலந்த சத்து மாத்திரை, சிவப்பு கேப்சூல். உடம்பில் பி12 குறைவாக இருக்கிறவர்களுக்கு அது தேவைதான். எனக்கு ரத்தப் பரிசோதனை செய்து பார்த்ததில் அளவு சரியாக இருந்தது, ஆனால் அந்தப் பரிசோதனையை எழுதினதே ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்ட பிறகு. மூணாவது ஜின்கோ பைலோபா என்கிற மர இலைச் சாற்று மாத்திரை, இது மச்சினன் பெங்களூரில் இருந்து வாங்கி வந்தது. விலை அதிகம், டப்பா அழகாக இருக்கும், "நூறு சதவீதம் இயற்கை" என்று போட்டிருக்கும். ரெண்டு டப்பா முடித்தேன், ஒன்றுமில்லை. அமெரிக்காவின் காது மூக்கு தொண்டை டாக்டர்கள் சங்கம் 2014ல் கொண்டுவந்த வழிகாட்டியில் ஜின்கோ, மெலட்டோனின், துத்தநாகச் சத்து மூன்றையும் காதிரைச்சலுக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் ஜின்கோ பக்கமே போகக் கூடாது, ரத்தக் கசிவு ஆபத்து உண்டு. இயற்கை என்று போட்டிருப்பதால் அது மருந்து இல்லை என்று ஆகிவிடாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சத்தத்தை நிறுத்துவதற்கென்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதுவரைக்கும் ஒரு மாத்திரைக்குக்கூட அனுமதி கொடுத்ததில்லை. மரத்துப்போக வைக்கிற மருந்தை ரத்தக் குழாயில் ஏற்றினால் சிலருக்குச் சத்தம் கொஞ்ச நேரம் அடங்குகிறது என்று 1935லேயே பாரானி என்ற டாக்டர் கவனித்து எழுதியிருக்கிறார், காதைப் பற்றிய ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு வாங்கினவர். பிற்பாடு லிடோகெய்ன் என்கிற அதே மாதிரி மருந்திலும் அதையே பார்த்தார்கள். ஆனால் கொஞ்ச நேரத்தில் சத்தம் திரும்பி வந்துவிடும், இதயத்துக்கும் ஆபத்து, அதனால் அது வைத்தியமாக ஆகவில்லை. இதைப் படித்த அன்றைக்கு நான் அழுதேன். அடங்கவே அடங்காத சத்தம் இல்லை இது, அடக்கத் தெரியாத சத்தம் என்று தெரிந்ததில் ஒரு ஆறுதல்.

நாலாவது குளோனாசெபாம், பதற்றத்தை அடக்குகிற மாத்திரை. இதைப் பற்றித்தான் நீளமாக எழுத வேண்டும்.

பத்தாவது மாதம் அது. ராத்திரி ரெண்டு மணி, மூணு மணி என்று எழுந்து உட்கார்ந்துவிடுவேன். வீட்டம்மா பக்கத்தில் எழுந்து, "ஏனுங்க, மறுபடியும் உக்காந்துட்டீங்களா?" என்று கேட்பார், நான் பதில் சொல்ல மாட்டேன், சொன்னால் கோபமாக வரும் என்று. பேத்தி தட்டைக் கீழே போட்டால் அவளைத் திட்டினேன். இப்படியே இருப்பதற்கு இல்லாமலே போய்விடலாம் என்று தோன்றின ராத்திரிகளும் உண்டு. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் கடுமையான காதிரைச்சல் இருக்கிற பலருக்கு இந்த நினைப்பு வரும், வந்தால் மறைக்கக் கூடாது. அந்த நேரத்தில் 14416க்கு அழைத்தால் டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசுவார்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள், காசு கிடையாது. நான் ஒருமுறை அழைத்திருக்கிறேன். எடுத்த பெண் அவசரப்படுத்தாமல் கேட்டார். மனநல டாக்டரைப் பாருங்கள் என்று அவர்தான் முதலில் சொன்னார். ஆனால் நான் போனது பக்கத்து டவுனில் தெரிந்த ஒரு பொது மருத்துவரிடம்.

அவர் 0.5 மில்லிகிராம் குளோனாசெபாம் எழுதினார், ராத்திரி ஒன்று. முதல் ராத்திரி ஏழு மணி நேரம் தூங்கினேன். பத்து மாதத்தில் முதல் தடவை. காலையில் எழுந்தபோது சத்தம் இருந்தது, ஆனால் அது அடுத்த தெருவில் கேட்கிற மாதிரி இருந்தது, எனக்கும் அதற்கும் நடுவில் யாரோ ஒரு மெத்தையைப் போட்டுவிட்ட மாதிரி. கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன். அந்த நன்றியை இப்போதும் மறுக்க மாட்டேன். அந்த ஒரு மாதத் தூக்கம் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது.

ஆனால் இந்த மாத்திரை சத்தத்தைத் தொடுவதில்லை, சத்தத்தைக் கண்டு வருகிற பயத்தைத்தான் தொடுகிறது. மூளையை அமைதிப்படுத்துகிற காபா என்கிற ரசாயனத்துக்குத் துணை நிற்கிறது. மூளை அந்தத் துணைக்குப் பழகிவிடும். ரெண்டாவது மாதம் ஏழு மணி நேரத் தூக்கம் ஐந்தானது. மூணாவது மாதம் நாலு. நானே ஒன்றை ஒன்றரை ஆக்கினேன், டாக்டரைக் கேட்கவில்லை. பகலில் நூல் கணக்கு எழுதும்போது கூட்டல் தப்பியது. வண்டி ஓட்டும்போது ஒரு நாள் பல்லடம் ரோட்டில் கண் சொருகியது, அன்றோடு வண்டியை மகனிடம் கொடுத்துவிட்டேன்.

நாலாவது மாதம் மதுரையில் ஒரு கல்யாணம். மாத்திரை அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டேன். சீட்டு இல்லாமல் அங்கே எந்த மெடிக்கலிலும் தர மாட்டேன் என்றார்கள், அவர்கள் செய்தது சரி. முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை, அந்த மாத்திரை உடம்பில் மெதுவாகத்தான் இறங்கும், பாதி அளவு குறையவே ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ரெண்டாவது நாள் ராத்திரி கை நடுங்கியது. மூணாவது நாள் நாதஸ்வரம் வாசிக்கும்போது என் காதுக்குள் இருந்த சத்தம் அதையும் தாண்டிக் கேட்டது. ரெண்டு காதிலும், தலை முழுக்க, என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய சத்தத்தை நான் கேட்டதில்லை, தறியிலும் கேட்டதில்லை. மண்டபத்தின் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். வேர்த்துக் கொட்டியது. எதற்காகச் சாப்பிட்டேனோ அதையே அது நாலு மடங்காகத் திருப்பித் தந்தது.

இந்த வகை மாத்திரைகளுக்கு அடிமையாகிற ஆபத்து, திடீரென்று நிறுத்தினால் வருகிற ஆபத்து, ரெண்டையும் கட்டம் கட்டி எச்சரிக்கையாகப் போட வேண்டும் என்று எஃப்டிஏ 2020ல் உத்தரவு போட்டிருக்கிறது. சட்டென்று விட்டால் சிலருக்கு வலிப்புகூட வரும். எனக்கு எழுதிக் கொடுத்தவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். "தூக்கத்துக்குத்தான், பயப்படாதீங்க" என்பதோடு முடித்துக்கொண்டார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஒரு வாரம், பத்து நாள், அவசரத்துக்கு என்று எழுதினால் சாப்பிடுங்கள், ஆனால் எத்தனை நாளைக்கு, எப்படி நிறுத்துவது என்று முதல் நாளே கேட்டு எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே தூக்கி எறியாதீர்கள். அது நான் மதுரையில் பட்டதை நீங்களும் படுவதற்கு வழி.

கல்யாணத்தில் இருந்து திரும்பின வாரமே வீட்டம்மா என்னைப் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு இழுத்துக்கொண்டு போனார். காதுக்கு எதற்கு மனசு டாக்டர் என்று வழியெல்லாம் சண்டை போட்டேன். உள்ளே இருந்தது சின்ன வயசு மேடம். ஓ.பி. சீட்டைப் பார்த்துவிட்டு, "ஐயா, சத்தம் பொய்னு யாரும் சொல்லலை. சத்தம் நிஜம். உங்க தூக்கத்த மொதல்ல சரி பண்ணலாம்" என்றார். பதினாலு மாதத்தில் சத்தம் நிஜம் என்று சொன்ன முதல் டாக்டர் அவர்தான்.

காதிரைச்சல் எவ்வளவு அவதிப்படுத்துகிறது என்று அளக்க 25 கேள்வி இருக்கிற ஒரு தாளைக் கொடுத்தார்கள். ஆமாம் என்றால் நாலு, சில நேரம் என்றால் ரெண்டு, இல்லை என்றால் பூஜ்யம், மொத்தம் நூறு. 78ஐத் தொட்டாலோ தாண்டினாலோ மிகக் கடுமை. எனக்கு 82. அந்தத் தாளைத்தான் அதற்கப்புறம் ஒவ்வொரு மாத்திரைக்கும் நான் மார்க் போடப் பயன்படுத்தினேன். நீங்களும் உங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், "பரவாயில்லைங்க", "அப்படியேதான் இருக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பதைவிட அது நேர்மையானது.

ஐந்தாவது அமிட்ரிப்டிலின். அறுபது வருடத்துக்கும் மேல் பழைய மருந்து, மனச்சோர்வுக்காக வந்தது, இப்போது குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கவும் நிறையக் கொடுக்கிறார்கள். முதலில் ஈசிஜி எடுத்தார்கள், இதயத் துடிப்பின் தாளத்தை இது பாதிக்கலாம் என்பதால். கண்ணில் அழுத்தம் இருக்கிறதா, ஒன்றுக்குப் போவதில் சிரமம் இருக்கிறதா என்று கேட்டார்கள். ரெண்டும் முக்கியமான கேள்வி, கண் அழுத்தமோ புராஸ்டேட் வீக்கமோ இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். 10 மில்லிகிராமில் ஆரம்பித்து, மூணு வாரம் கழித்து 25. இன்னொரு பக்கம் குளோனாசெபாமை மெதுவாக, கால் மாத்திரை கால் மாத்திரையாக, நாலு மாதத்துக்கு மேல் எடுத்துக் குறைத்தார்கள். ஒவ்வொரு தடவை குறைக்கும்போதும் நாலைந்து நாள் சத்தம் ஏறும், பிறகு இறங்கும். ஏறும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாங்க முடிந்தது.

அமிட்ரிப்டிலின் முதல் ராத்திரியே அதிசயம் காட்டவில்லை. முதல் வாரம் வாய் வறண்டது, நாக்கு அட்டை மாதிரி ஆகிவிட்டது, ராத்திரி தலைமாட்டில் சொம்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு படுத்தேன். மலச்சிக்கல் கடுமை, கொய்யாப்பழமும் கீரையும் ராத்திரி வெந்நீரும் என்று சமாளித்தேன். காலையில் பதினோரு மணி வரைக்கும் தலை பாரமாக இருக்கும். அதற்கு மேடம் சொன்ன யோசனை நன்றாக வேலை செய்தது: படுக்கப் போகும்போது சாப்பிடாமல் எட்டு மணிக்கே சாப்பிட்டுவிடுவது. ரெண்டாவது வாரத்தில் இருந்து பாரம் குறைந்தது. எடை மட்டும் ஆறு மாதத்தில் நாலு கிலோ ஏறியது, பசி அதிகமாகும், அதை ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். உட்கார்ந்த இடத்தில் இருந்து வேகமாக எழுந்தால் கண் இருட்டும், வயசானவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

மூணாவது வாரம் ஐந்து மணி நேரம் தூங்கினேன். ஆறாவது வாரம் ஆறு மணி நேரம். குளோனாசெபாம் கொடுத்த மாதிரி அடித்துப் போட்ட தூக்கம் இல்லை, நடுவில் முழிப்பு வரும், சத்தம் கேட்கும், திரும்பித் தூங்கிவிடுவேன். அந்தத் திரும்பித் தூங்குவது இருக்கிறதே, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. மூணு மாதம் கழித்து அதே தாளில் 58. இன்னும் கடுமை என்கிற கட்டத்திலேதான், ஆனால் 82 இல்லை.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. நான் சொன்ன அந்த 2014 அமெரிக்க வழிகாட்டி, மனச்சோர்வு மாத்திரைகளையும் பதற்ற மாத்திரைகளையும்கூடக் காதிரைச்சலுக்கென்று வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. மேடமே அதைச் சொன்னார். "ஐயா, நான் இதைச் சத்தத்துக்குக் குடுக்கலை, சத்தத்தால கெட்டுப்போன தூக்கத்துக்கும் மனசுக்கும் குடுக்கிறேன்." இதில்தான் எல்லாம் இருக்கிறது. சத்தம் நிற்கும் என்று நினைத்துச் சாப்பிட்டிருந்தால் அமிட்ரிப்டிலினும் எனக்குத் தோற்ற மாத்திரைதான், ஒரு மாதத்தில் நிறுத்தியிருப்பேன். தூக்கம் வருகிறதா என்று பார்த்ததால் அது ஜெயித்தது. உங்களுக்கு மனசும் தூக்கமும் நன்றாகவே இருக்கிறது, சத்தம் மட்டும் தொந்தரவு என்றால் இந்த மாத்திரை உங்களுக்குத் தேவையே இல்லாமல் போகலாம்.

அப்புறம், மாத்திரை தனியாகச் செய்த வேலை அந்த 58 வரைக்கும்தான். அதற்குக் கீழே இறக்கினது வேறு ரெண்டு விஷயம். ஒன்று காது மிஷின். எனக்குக் காது கேட்கிறதே, மிஷின் எதற்கு என்று வருடக்கணக்கில் தள்ளினேன். போட்ட முதல் நாள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் கேட்டது. வெளிச் சத்தம் உள்ளே வர வர, மூளை அந்த இரைச்சலைத் தேடிப் பிடிக்கிற வேலையைக் கொஞ்சம் விடுகிறது. ஆடியாலஜிஸ்ட் என் இரைச்சலை வெளிச் சத்தத்தோடு ஒப்பிட்டு அளந்து காட்டினார், 6000 ஹெர்ட்ஸ் பக்கம், எனக்குக் கேட்க ஆரம்பிக்கிற அளவுக்கு மேல் சில டெசிபல்தான். கடுமையாக அவதிப்படுகிறவர்களுக்கும் அளந்து பார்த்தால் அநேகமாக அவ்வளவுதான் வருமாம். அந்தச் சின்ன அளவைப் பார்த்து அவமானமாக இருந்தது, அவரே சொன்னார், வலியை அளவுகோல் வைத்துப் பார்க்க முடியாதுங்க என்று.

இன்னொன்று ஆஸ்பத்திரியிலேயே உளவியலாளரோடு எட்டுத் தடவை உட்கார்ந்து பேசினது. சிபிடி என்று சொல்வார்கள், சத்தத்தைப் பற்றிய நம் நினைப்பையும் பழக்கத்தையும் பேசிப் பேசி மாற்றுகிற வைத்தியம். காதிரைச்சலால் வருகிற அவதியைக் குறைப்பதில் ஆராய்ச்சியாளர்களிடம் நல்ல ஆதாரம் இருக்கிற வைத்தியம் அதுதான், மாத்திரை இல்லை. ஆனால் ரெண்டு மணி நேரத் தூக்கத்தில் அங்கே போய் உட்கார்ந்திருந்தால் அவர் சொன்ன ஒரு வார்த்தைகூட எனக்கு ஏறியிருக்காது. தூங்கின தலையோடு போனதால் ஏறியது. ராத்திரி படுக்கும்போது மழைச் சத்தத்தைப் போனில் மெதுவாக ஓடவிடுவதும் அங்கே கற்றுக்கொண்டதுதான், இரைச்சலை மூழ்கடிக்கிற அளவுக்கு வைக்கக் கூடாது, கொஞ்சம் கீழேயே இருக்க வேண்டும்.

செலவு என்று பார்த்தால், அமிட்ரிப்டிலின் பெரியாஸ்பத்திரியில் இலவசம். வெளியே வாங்கினாலும் மலிவுதான், மக்கள் மருந்தகத்தில் இன்னும் குறைவு. ஜின்கோ ஒரு டப்பாவுக்குக் கொடுத்த காசில் இதை ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிடலாம். ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்க அரை நாள் போகும், அது உண்மை. ஆனால் அங்கேதான் என்னை உட்காரவைத்து இருபது நிமிடம் கேட்டார்கள்.

வேறு வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சில மருந்துகளே காதிரைச்சலைக் கொண்டுவரும் அல்லது ஏற்றும்: அதிக அளவில் ஆஸ்பிரின், சில வலி மாத்திரைகள், மலேரியாவுக்கான குயினைன், கிருமித் தொற்றுக்குப் போடுகிற ஜென்டமைசின், அமிகாசின் மாதிரி ஊசிகள், புற்றுநோய்க்குக் கொடுக்கிற சிஸ்பிளாட்டின், அதிக அளவில் ஃபுரோசமைடு என்கிற நீர் பிரிக்கிற மருந்து. எனக்கு முழங்கால் வலிக்கு ஒரு வாரம் வலி மாத்திரை போட்டபோது சத்தம் ஏறியது, விட்டதும் இறங்கியது. இதய மாத்திரையையோ கேன்சர் மருந்தையோ நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதின டாக்டரிடம் காதைப் பற்றியும் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

இன்று கணக்குப்படி தாளில் 34. அமிட்ரிப்டிலின் மறுபடி 10 மில்லிகிராமுக்கு இறங்கிவிட்டது, குளோனாசெபாம் விட்டு ஒரு வருடம் தாண்டிவிட்டது. தறியை விற்கவில்லை, மகன் ஓட்டுகிறான், குடோன் வாசலில் ஆணியில் காது அடைப்பான் மாட்டியிருக்கிறது, அதைப் போடாமல் யாரும் உள்ளே போவதில்லை. போன வாரம் ராத்திரி கரண்ட் போனது. சத்தம் கேட்டது. வீட்டம்மா, "கேக்குதுங்களா?" என்றார். "கேக்குது, நீ தூங்கு" என்றேன். பொங்கல் கழிந்து 10 மில்லிகிராமையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆக்கிப் பார்க்கலாம் என்று மேடம் சொல்லியிருக்கிறார். எப்படிப் போகிறது என்று அப்போது இதன் கீழேயே எழுதுகிறேன்.